வலைப்பதிவா, விக்கியா? யாழ்ப்பாணத்துச் சங்கங்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரின் வரலாற்றையோ பாடசாலையின் செய்திகளையோ இணையத்தில் சேர்த்துவைக்க விரும்பும் சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. மென்பொருளை நிறுவும் முறை இங்கு விளக்கப்படவில்லை. அதற்குக் காணொளிகள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. எந்த வேலைக்கு எந்தக் கருவி பொருந்தும், அதை எடுத்தால் எத்தகைய பராமரிப்புச் சுமை வந்து சேரும் என்பவை பற்றியே இங்கு பேசப்படுகிறது.

வலைப்பதிவுக்கும் விக்கிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு என்ன?

வலைப்பதிவில் எழுதப்படுவது இடுகை. அதன் தலையிலேயே எழுதியவரின் பெயரும் வெளியான நாளும் நிற்கும். புதிய இடுகை மேலே வர, பழையவை கீழே இறங்கிக்கொண்டே போகும். விக்கியில் எழுதப்படுவது பக்கம். ஒருவர் தொடங்கிய பக்கத்தைப் பலரும் திறந்து திருத்தலாம். அதற்கு மேலே தலைப்பு மட்டுமே உண்டு. எழுதியவர்கள் யார், எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் 'வரலாறு' என்ற இணைப்புக்குப் பின்னால் இருக்கும். வாசகர் முதலில் காண்பது கடைசியாகச் சேமிக்கப்பட்ட வடிவத்தையே.

யாழ்தேவியை எடுத்துக்கொள்வோம். 1956 இல் ஓடத் தொடங்கிய அந்தப் புகையிரதம் 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றுபோயிற்று. பின்னர் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. "கிளிநொச்சியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்" என்று 2013 டிசெம்பரில் ஒருவர் தமது வலைப்பதிவில் எழுதியிருந்தால், அந்த வாக்கியம் இன்றைக்கும் பிழையில்லை. அந்த நாளில் பயணம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாக அதன் மதிப்பு கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால், "புகையிரதம் கிளிநொச்சி வரை செல்கிறது" என்று ஒரு விக்கிப் பக்கத்தில் இருந்திருந்தால், சில மாதங்களுக்குள்ளேயே அது வாசகரைத் தவறாக வழிநடத்தும் வாக்கியமாகிவிட்டிருக்கும். யாராவது போய் அதை மாற்றியே ஆகவேண்டும். மாற்றிய பின்னரும் பழைய வாக்கியம் வரலாற்றில் அப்படியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே போய்த் தேடி வாசிப்பவர் மிகச் சிலர்.

எழுதிய நாளோடு சேர்த்து வாசிக்கப்படவேண்டியது வலைப்பதிவுக்கு உரியது. எந்த நாளில் வாசித்தாலும் சரியாக இருக்கவேண்டியது விக்கிக்கு உரியது. ஏனைய வேறுபாடுகளிற் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவையே.

இவற்றில் எது முந்தியது?

பலர் நினைப்பதற்கு மாறாக, விக்கியே முந்தியது என்று சொல்லலாம். வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச்சில் முதலாவது விக்கித் தளத்தைத் தொடங்கினார்; நிரல் எழுதுவோர் தமது வடிவமைப்பு முறைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்கான சிறிய ஏற்பாடு அது. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 2001 ஜனவரியில் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய பின்னரே பொதுமக்கள் அந்த முறையை அறிந்தார்கள். வலைப்பதிவு 1990களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. 1999 இல் புளொக்கர் சேவையும் 2003 இல் வேர்ட்பிரஸ் மென்பொருளும் வந்தபோது நிரல் தெரியாதவர்களுக்கும் அது எட்டியது.

தமிழில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து சேர்ந்தன. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004 இல் வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க காலத்தில் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அவர் அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்ந்துவந்தார். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. ஊரைப் பற்றி எழுதுவதற்கு ஊரில் இருக்கவேண்டியதில்லை என்பதை நமக்கு முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

எங்கள் ஊரின் வரலாற்றை எழுதுவதற்கு எது ஏற்றது?

'ஊர் வரலாறு' என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு வேறு பொருள்கள் வந்து குவிகின்றன. ஒன்று நினைவு, மற்றையது விபரம். இவ்விரண்டையும் பிரிக்காமல் தொடங்கும் முயற்சிகள்தாம் பெரும்பாலும் பாதியில் நின்றுபோகின்றன.

1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. எரிந்த நூல்களின் தொகை ஏறத்தாழ 97,000 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அந்த இரவில் வீட்டு மாடியிலிருந்து தீயைக் கண்ட ஒருவர், மறுநாட் காலையில் முற்றத்தில் வந்து விழுந்த கரித்தாளைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எழுத்து அவருடைய பெயரோடும் அவருடைய சொற்களோடும் இருக்கவேண்டும். மற்றொருவர் அதற்குள் புகுந்து வாக்கியங்களை 'நடுநிலையாக' மாற்றினால், எஞ்சுவது சாட்சியமாக இராது. விக்கிப்பீடியாவும் இத்தகைய எழுத்தை ஏற்றுக்கொள்ளாது. ஒருவர் தாம் நேரில் கண்டதை ஆதாரமாகக் காட்டி அங்கு எழுத இயலாது, ஏற்கெனவே வெளியான நம்பத்தக்க மூலம் ஒன்றை மேற்கோள் காட்டவேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே நினைவுகளுக்கு வலைப்பதிவே இடம்.

விபரங்களின் நிலைமை வேறு. ஊரிலுள்ள கேணிகள், மடங்கள், சுமைதாங்கிகள், பாடசாலையின் அதிபர்கள், ஒழுங்கைகளின் பழைய பெயர்கள் ஆகியவற்றை முழுமையாக அறிந்த ஒரு தனிமனிதர் எந்த ஊரிலும் இல்லை. ஒருவர் "ஆலடிக்குத் தெற்கே ஒரு கேணி உண்டு" என்று ஒரே வரியில் ஒரு பக்கத்தைத் தொடங்குகிறார். இரண்டாமவர், பக்கத்தில் மாடுகள் உரஞ்சுவதற்காக நாட்டிய ஆவுரஞ்சிக்கல் இப்போதும் நிற்கிறது என்று சேர்க்கிறார். மூன்றாமவர் புகைப்படம் ஏற்றுகிறார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நான்காமவர், படிக்கட்டுக் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் ஆண்டை முதலாமவர் பிழையாக வாசித்துவிட்டார் என்று திருத்துகிறார். இதே நால்வரும் நான்கு வலைப்பதிவு இடுகைகளை எழுதியிருந்தால், பின்னர் தேடிவரும் மாணவர் நான்கையும் கண்டுபிடித்து, எந்த ஆண்டு சரியானது என்று தாமே தீர்மானிக்கவேண்டியிருக்கும்.

விக்கியில் இருக்கும் இரண்டு சிறு வசதிகள் நமது ஊர்களுக்கு மிகவும் பொருந்துபவை. ஒன்று வழிமாற்று. ஊர்காவற்றுறை என்று தேடினாலும் கயிட்ஸ் என்று தேடினாலும், நெடுந்தீவு என்றாலும் டெல்ஃப்ட் என்றாலும், வாசகரை ஒரே பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும். ஐரோப்பியர் வைத்த பெயரும் நாம் வழங்கும் பெயரும் ஒருங்கே புழங்கும் தீவகத்துக்கு இது எவ்வளவு உதவி என்று சொல்லவேண்டியதில்லை. மற்றையது சிவப்பு இணைப்பு. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பு நிறத்தில் தோன்றும். அதைச் சொடுக்கியவுடன் வெற்றுத் தொகுப்புப் பெட்டி திறக்கும். எழுதப்படவேண்டியவை எவை என்ற பட்டியல், எழுதிக்கொண்டு போகும்போதே தானாக உருவாகிவிடுகிறது.

வலைப்பதிவின் பின்னூட்டமும் விக்கியின் உரையாடல் பக்கமும் ஒன்றுதானே?

இல்லை. பின்னூட்டம் இடுகையின் அடியில் தங்கிவிடும். விக்கிப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் துணையாக உள்ள உரையாடல் பக்கத்தில் பேசப்படுவது, உடன்பாடு ஏற்பட்டால், பக்கத்துக்குள்ளேயே போய்ச் சேரும்.

ஒடியற்கூழ் பற்றிய இடுகை ஒன்றைக் கவனித்தால் இது விளங்கும். எழுதியவர் ஒடியல் மாவை ஊறவைத்து, பலமுறை நீரை வடித்துக் கசப்பை எடுப்பதிலிருந்து தொடங்கி, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய் என்று ஒழுங்காக எழுதியிருப்பார். கீழே, தமது அம்மா மரவள்ளிக்கிழங்கும் போடுவார் என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதுவார். மரவள்ளி போட்டால் அது கூழே இல்லை என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். மூன்றாமவர் பழைய காலத்தில் பனையோலையால் மடித்த பிளாவில் ஊற்றிக் குடித்ததை நினைவுகூருவார். வாசிப்பதற்கு இவ்வளவு இன்பமான பகுதி வேறில்லை. இடுகையைவிடப் பின்னூட்டங்களே நல்லவையாக அமைவதும் உண்டு. எனினும், சமைக்க வந்தவருக்கு மேலே உள்ள குறிப்பு அன்றிருந்தபடியேதான் இருக்கும்.

விக்கியிலோ, இந்த வாதம் உரையாடல் பக்கத்தில் நடந்து, முடிவில் "சில ஊர்களில் மரவள்ளிக்கிழங்கும் சேர்ப்பதுண்டு" என்ற ஒரு வரி குறிப்புக்குள் ஏறும். சண்டையும் பிளாவும் ரொறன்ரோ அம்மாவும் வாசகரின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். சமையலுக்கு எது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதை இழக்கிறோம் என்பதையும் தெரிந்துகொண்டு இழப்பது நல்லது.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விடயங்களைப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாதிடுவதற்கு ஓர் இடம் வேண்டும், ஆனால் அது கட்டுரைக்கு வெளியே இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு அது.

யாரும் திருத்தலாம் என்றால், வேண்டாததை எழுதிவிட மாட்டார்களா?

எழுதுவார்கள். ஆனால் சேதம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு சேமிப்பும் தனித்தனித் திருத்தமாகப் பதிவாவதால், வரலாற்றைத் திறந்து முந்திய வடிவத்துக்கு மீள்விப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவைத்தவருக்கு மாற்றம் நடந்தது தெரியவரும். சர்ச்சைக்குரிய பக்கத்தை நிர்வாகிகள் பூட்டிவைக்கவும் முடியும்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எடுகோளின்மேல் நிற்பது. பெரிய விக்கியில் எப்போதும் ஒரு சிலர் விழித்திருப்பார்கள். ஊர்ச் சங்கத்தின் சிறிய விக்கியில் செயலாளர் வெளிநாடு போய்விட்டால் பார்ப்பதற்கு ஆளில்லை. அத்தகைய தளத்துக்கு ஊர்ப் பகையாளி வரமாட்டார். எரிதம் (வேண்டாத விளம்பரம்) இடும் தானியங்கி நிரல்கள் வரும். கணக்கு உருவாக்குவதற்குத் தடையில்லாமல் விடப்பட்ட, விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் அமைந்த தளங்கள் சூதாட்ட விளம்பரங்களாலும் மருந்து விளம்பரங்களாலும் நிரம்பிப்போவது உலகம் முழுவதும் நடப்பதுதான்.

வலைப்பதிவில் பலர் சேர்ந்து எழுத முடியாதா?

முடியும். புளொக்கரிலும் வேர்ட்பிரசிலும் பல எழுத்தாளர்களைச் சேர்க்கலாம். வேர்ட்பிரசில் எழுதுபவர், தொகுப்பவர், நிர்வாகி என்று அதிகாரங்களைப் பிரித்தும் கொடுக்கலாம். அங்கு பலர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதுகிறார்கள். விக்கியில் ஒரே பக்கத்துக்குள் எழுதுகிறார்கள்.

எங்கள் சங்கத்துக்கென்று தனியாக ஒரு விக்கி தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் பெரும்பாலான சங்கங்களுக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்பதே இங்கு எல்லோரையும் இழுக்கும் காரணம். மீடியாவிக்கி இலவசம்தான், தரவுத்தளம் எதுவும் தேவைப்படாத டொக்குவிக்கி இன்னும் இலகுவானது. செலவு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. ஆள்களப் பெயருக்கும் வழங்கிக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும், பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தவறாமல் செய்யவேண்டும், எரிதத்தை அகற்றவேண்டும், காப்புப் பிரதி எடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுபவர்கள் வேண்டும். திறப்பு விழா நாளில் பத்துப் பேர் கணக்குத் திறப்பார்கள். அடுத்த தைப்பொங்கலுக்கு ஒருவர் இருந்தால் பெரிய காரியம்.

ஒருவரே எழுதினால் என்ன என்று கேட்கலாம். தமிழில் வெளியான முதற் கலைக்களஞ்சியமாகக் கருதப்படும் அபிதானகோசத்தை 1902 இல் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தனியொருவராகவே தொகுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வெளியிட்டார். அத்தகைய மனிதர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருக்கு விக்கி தேவையில்லை. அவருக்கு ஒரு வலைப்பதிவும் பின்னர் ஓர் அச்சு நூலும் போதும்.

விக்கியின் பயன் வேண்டும், பராமரிப்பு இயலாது என்போருக்கு ஏற்கெனவே இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. பொது வாசகருக்கு உரிய ஊர், கோயில், பாடசாலை விபரங்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம். ஊர் மலர்கள், கோயிற் கும்பாபிடேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், கல்வெட்டு என்று நாம் அழைக்கும் நினைவு மலர்கள் ஆகியவற்றை, 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம். அத்தளமும் மீடியாவிக்கியின்மேல் இயங்குவதே. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம் என்ற அதன் அமைப்பு அதனால் வந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் பாடசாலையைப் பற்றி எழுதியதை ஏன் நீக்கிவிட்டார்கள்?

எழுதியதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. "கல்வித் தாயின் மடியில் தவழ்ந்து, எண்ணற்ற மேதைகளை ஈன்றெடுத்த எமது கல்லூரி" என்று தொடங்கும் கட்டுரை, பரிசளிப்பு விழா மலருக்கு அழகாக இருக்கும். கலைக்களஞ்சியத்தில் அது விளம்பரமாகவே கொள்ளப்படும். எந்த ஆண்டில், யாரால், எந்த இடத்தில் தொடங்கப்பட்டது, எப்போது அரசு பொறுப்பேற்றது, இடப்பெயர்வுக் காலத்தில் எங்கு இயங்கியது என்பவற்றை, ஒவ்வொன்றுக்கும் மேற்கோளோடு எழுதினால் நீக்கப்படுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. மேற்கோளுக்கு எங்கே போவது என்ற கேள்வி உடனே வரும். பாடசாலையின் நூற்றாண்டு மலரை முதலில் எண்ணிமப்படுத்திவிட்டு, பின்னர் கட்டுரை எழுதுவதே சரியான ஒழுங்கு. விருப்புமுரண் (எழுதுபவரின் சொந்தப் பற்று நடுநிலைக்குக் குறுக்கே நிற்பது) இருப்பதால், பழைய மாணவர் தமது பாடசாலையைப் பற்றித் தாமே எழுதும்போது அதை உரையாடல் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நன்மரபு.

கோபம் தணியாதவர்கள் பரிசளிப்பு விழா நடையைத் தமது வலைப்பதிவில் வைத்துக்கொள்ளலாம். அங்கு அதைத் தடுப்பார் யாருமில்லை.

வகுப்பறையில் எதைப் பயன்படுத்துவது?

ஒவ்வொரு மாணவரும் சிந்தித்து எழுதவேண்டும் என்றால் வலைப்பதிவு. குழுவாக ஓர் ஒப்படையைச் செய்யவேண்டும் என்றால் விக்கி. இரண்டையும் பொதுவெளியில் திறக்கவேண்டிய தேவையில்லை. பல கல்வி நிறுவனங்கள் பாடங்களை இணையத்தில் நடத்தப் பயன்படுத்தும் மூடில் தளத்துக்குள்ளேயே விக்கி என்ற செயற்பாடு உண்டு. குழுவுக்கு ஒரு விக்கி என்றோ, மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்றோ அதை அமைத்துக்கொள்ளலாம்.

குழு ஒப்படைகளில் ஒருவர் எழுத, மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஆசிரியர்கள் அறியாததல்ல. விக்கியின் வரலாறு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் என்பது உண்மையே. ஆனால் அதைப் பார்த்துப் புள்ளியிடும்போது ஒரு கண்ணியில் விழக்கூடாது. மீடியாவிக்கியின் வரலாற்றில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அருகில், கூடியது பச்சையிலும் குறைந்தது சிவப்பிலுமாக ஓர் எண் காட்டப்படும். அது பைட்டுக் கணக்கு. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையாகிய ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். 'கேணி' என்ற சொல் கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு குறியீடுகள், ஆகவே 12 பைட்டுகள். கூடுதல் 3,000 என்று காட்டும் திருத்தம் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும். பாடநூலிலிருந்து ஒட்டிய சில பந்திகளாகவும் அது இருக்கலாம். மற்றொரு மாணவி இரண்டு முறை சொல்லப்பட்டதை ஒன்றாக்கி, தேவையற்றதை வெட்டி, பக்கத்தை வாசிக்கத்தக்கதாக்கியிருப்பார். அவருடைய எண் சிவப்பில் நிற்கும். எண்ணைப் பாராமல், இரண்டு திருத்தங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே நேர்மையான வழி.

வட்ஸ்அப் குழுவும் முகநூலும் இருக்கும்போது இவை எதற்கு?

செய்தி சொல்வதற்கு அவை போதும். மரண அறிவித்தலும் திருவிழாப் படங்களும் அங்குதான் போகவேண்டும். தேடி எடுப்பதற்கு அவை போதா. இலண்டனிலிருந்து ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் குழுவில் அனுப்பிய பழைய வகுப்புப் புகைப்படத்தில் இருந்தவர்களின் பெயர்களை, பின்வரிசை இடமிருந்து வலமாக, ஐந்து பேர் சேர்ந்து கண்டுபிடித்திருப்பார்கள். இன்று அந்தப் பெயர்கள் எங்கே? கைத்தொலைபேசி மாற்றிய அன்றோடு பலருக்கு அவை போய்விட்டன; புதிதாகக் குழுவில் சேர்ந்தவருக்கு அவை இருந்ததே தெரியாது. குழுவில் நடக்கும் இத்தகைய நல்ல உரையாடல்களை யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை எடுத்து, உரியவர்களின் இசைவோடு, நிலையான முகவரி உள்ள ஓரிடத்தில் சேர்க்கவேண்டும். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதே எல்லாக் கருவிகளையும்விடக் கடினமானது.

கூகுள் ஆவணத்தில் எல்லோரும் திருத்துகிறோமே, அது விக்கி ஆகாதா?

கூட்டாக எழுதுவதற்கு அது விக்கியைவிட வசதியானது. இருவர் ஒரே வரியில் நின்றாலும் தொகுப்பு முரண் வராது. ஆனால் அது தனி ஆவணம். பக்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளரும் அமைப்பு அதில் இல்லை. ஐம்பது பக்கத்துக்குள் முடியும் வேலைக்கு அதுவே போதும் என்பது எமது எண்ணம்.

பழைய கோப்புகளை ஒட்டினால் எழுத்துகள் சிதறுகின்றனவே?

அவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை. திரையில் மட்டும் அவை தமிழாகத் தோன்றும். ஒருங்குறி மாற்றி ஒன்றில் இட்டு மாற்றிய பின்னரே வலைப்பதிவிலோ விக்கியிலோ ஏற்றவேண்டும். மாற்றாமல் படமாக ஏற்றினால் தேடுபொறிக்கு அது எட்டாது. மாற்றிய பின்னர் ஒருமுறை முழுமையாக வாசித்துப் பார்ப்பது நல்லது. மேற்கோட் குறிகளும் இலக்கங்களும் சில இடங்களில் பிசகியிருக்கும்.

பதிப்புரிமை யாருக்கு?

வலைப்பதிவில் எழுதியது, வேறுவிதமாக அறிவித்தாலன்றி, எழுதியவருக்கே உரியது. விக்கிப்பீடியாவில் சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போதே, பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின்கீழ் எவரும் பயன்படுத்தலாம் என்று இசைகிறீர்கள். வணிக நோக்கத்துக்கான பயன்பாடும் அதில் அடங்கும். இதை அறியாமல் தாத்தாவின் புகைப்படத்தை ஏற்றிவிட்டு, பின்னர் அதை ஒரு நாட்காட்டியில் கண்டு திகைப்பவர்கள் இருக்கக்கூடும். விட்டுக்கொடுக்க மனமில்லாத படத்தை வலைப்பதிவிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

பழைய மலர்களைப் பொறுத்தவரை, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். மலரை வெளியிட்ட சங்கத்திடமும், இயன்றவரை எழுதியோரின் குடும்பத்தாரிடமும் எழுத்தில் அனுமதி பெறுவது இங்கு பெரிதும் கடினமில்லை. கேட்டால் மகிழ்ந்து கொடுப்பவர்களே அதிகம்.

எழுதியதால் பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு?

வலைப்பதிவில் பொறுப்பாளர் வெளிப்படையாகத் தெரிவார். பின்னூட்டங்களை மட்டுறுத்தி வெளியிடும் அதிகாரம் அவரிடம் இருப்பதால், அவதூறான பின்னூட்டத்தை விட்டுவைத்தாலும் கேள்வி அவரிடமே வரும். விக்கியில் பொறுப்புப் பலரிடம் பரவுகிறது, ஆனால் மறைவதில்லை. ஒவ்வொரு திருத்தமும் ஒரு கணக்கின் பெயரிலோ, திருத்தியவரின் ஐபி முகவரியிலோ பதிவாகிறது. இணையத்தில் பொய்யான கூற்றுகளை வெளியிடுவது பற்றிய ஏற்பாடுகளைக் கொண்ட, பெரிதும் விமரிசிக்கப்பட்ட, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். காணித் தகராறு, சாதிப் பெயர், காணாமற்போனோர் குடும்பங்களின் முகவரி ஆகியவற்றை, எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும், கேளாமல் ஏற்றக்கூடாது.

சேவையே மூடப்பட்டால் எழுதியவை என்னாகும்?

போய்விடலாம். இலவசமாக இணையப் பக்கங்கள் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018 இல் மூடப்பட்டது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023 இல் அறிவித்தது. செயலாளரின் சொந்தக் கணக்கில் சங்கத்தின் வலைப்பதிவை வைத்திருப்போர் இதைக் கவனிக்கவேண்டும். புளொக்கர், வேர்ட்பிரஸ், மீடியாவிக்கி மூன்றிலும் உள்ளடக்கத்தைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. மீடியாவிக்கியின் வழமையான ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் வருவதில்லை என்பதால் அவற்றைத் தனியாகப் பிரதி எடுக்கவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு இந்தப் பிரதியையும் கையளிக்கும்படி யாப்பில் ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம். முக்கியமான இடுகைகளின் முகவரிகளை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமிப்பதும் உதவும்.

இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கலாமா?

அதுவே பெரும்பாலான சங்கங்களுக்கு நாம் சொல்லும் விடை: நினைவுகளுக்குச் சொந்த வலைப்பதிவு, விபரங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா, மலர்களுக்கு நூலகம். மூத்தவர் ஒருவர் சொன்னதை அவருடைய பெயரில் இடுகையாக வெளியிடுங்கள். அதிலே வரும் ஆண்டும் பெயரும் அச்சு மலர் ஒன்றிலும் இருந்தால், அந்த மலரை மேற்கோளாகக் காட்டி விக்கிப் பக்கத்தில் சேருங்கள். சொன்னதில் பிழை இருப்பதாகப் பின்னர் தெரியவந்தாலும் இடுகையின் வாக்கியத்தை மாற்றவேண்டாம். அடியில் திகதியிட்டு, யார் சுட்டிக்காட்டினார் என்ற குறிப்போடு திருத்தத்தை எழுதிவையுங்கள்.